ஆடத் தெரியாதவர்களை நம்பி ஒரு ஃபார்மல் டான்ஸ்: அனிமே கன்வென்ஷனில் நடத்துவது எப்படி?

அனிமே கன்வென்ஷனில், அதாவது ஜப்பானிய அனிமேஷன் ரசிகர்கள் கூடும் மாநாட்டில், ஃபார்மல் டான்ஸ் நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? அப்படியானால் முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அன்று வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆடத் தெரியாது. கோட்டும் கவுனும் போட்டுப் பார்க்கும் ஆசையில் வருவார்கள். தங்களுக்குப் பிடித்த கதாபாத்திரம் அரண்மனையில் ஆடிய காட்சியை நினைத்துக்கொண்டு வருவார்கள். வந்து சுவரோரம் நின்றுவிடுவார்கள். அந்தக் கூட்டத்தைத் தளத்துக்கு இறக்குவதுதான் உங்கள் வேலை. அலங்காரமெல்லாம் அப்புறம்.

ரசிகர் மாநாடுகளுக்கு இது புதிதல்ல. அமெரிக்க அறிவியல் புனைகதை மாநாடுகளில் பல பத்தாண்டுகளாகவே ரீஜன்ஸி காலத்து (பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்) ஆங்கிலேய நடனங்களை ஆடி வருகிறார்கள். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் மே மாதக் கடைசியில் மெமோரியல் டே விடுமுறையோடு வரும் வார இறுதியில் நடக்கும் ஃபானிமேகான் என்ற அனிமே கன்வென்ஷனில் ‘பிளாக் அண்ட் ஒயிட் பால்’ (பால் என்றால் நடன விழா) என்றே ஒரு நிகழ்ச்சி உண்டு. அங்கே உடைக் கட்டுப்பாடு இருக்கிறது, கூடவே நடன வகுப்பும் இருக்கிறது. புதிதாக நடத்துபவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவார்கள். நான் சொல்வது தலைகீழ்: ஒன்றுக்குத்தான் பணமும் நேரமும் இருக்கிறது என்றால் வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பிடிப்பது

ஒன்பது, பத்து மாதம் முன்பே நிகழ்ச்சி நிரல் குழுவிடம் பேசிவிட வேண்டும். சனிக்கிழமை மாலை என்றால் பெரும்பாலும் மாஸ்க்வரேட், அதாவது காஸ்பிளே (கதாபாத்திர வேடம் போடுவது) போட்டி, இருக்கும். நன்றாக உடுத்திக்கொண்டு வரும் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள், அதோடு மோதாதீர்கள். மூன்று நாள் கன்வென்ஷனில் வெள்ளி இரவு பரவாயில்லை. ஞாயிறு வேண்டாம், பாதிப் பேர் விமான நிலையத்துக்குக் கிளம்பியிருப்பார்கள். நான்கு நாள் கன்வென்ஷன் என்றால் ஞாயிறு இரவுதான் என் தேர்வு.

பகலின் கடைசிப் பெரிய நிகழ்ச்சிக்கும் உங்கள் கதவு திறப்பதற்கும் நடுவே ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். விக்கைக் கழற்றி, முகத்துப் பெயிண்டைத் துடைத்து, லிஃப்டுக்குக் காத்திருந்து, அறைக்குப் போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வர அவ்வளவு ஆகும். கன்வென்ஷன் ஹோட்டலில் லிஃப்டுக்கு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூடமும் தளமும்

ஹோட்டல் பால்ரூம்களில் பெரும்பாலும் கம்பளம்தான். கம்பளத்தில் வால்ட்ஸ், அதாவது மூன்று தட்டுத் தாளத்தில் சுழன்று ஆடும் ஜோடி நடனம், ஆடக் கூடாது. உடம்பு திரும்பும், பாதம் ஒட்டிக்கொண்டு நிற்கும், முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். எடுத்து விரிக்கக்கூடிய மரத்தளம் ஹோட்டலிடமே இருக்கும், இல்லையென்றால் வாடகைக்குக் கிடைக்கும். 3 அடிக்கு 3 அடி பலகைகள் பரவலானவை. 30க்கு 30 அடித் தளத்துக்கு அப்படி 100 பலகைகள் வேண்டும். பரப்பு 900 சதுர அடி. நகர்ந்து ஆடும் நடனத்துக்கு ஜோடிக்கு 25 சதுர அடி என்பது என் கணக்கு, ஆக ஒரே நேரத்தில் 36 ஜோடி. எல்லோரும் எல்லாப் பாட்டுக்கும் ஆட மாட்டார்கள் என்பதால் இருநூறு பேர் வந்தாலும் இந்தத் தளம் தாங்கும்.

கூடத்தில் மொத்தம் எத்தனை பேர் இருக்கலாம் என்பது உங்கள் கையில் இல்லை. அமெரிக்காவில் மேசை நாற்காலி போட்ட கூடத்துக்குத் தலைக்கு 15 சதுர அடி, வெறும் நாற்காலி என்றால் 7 சதுர அடி என்று கட்டட விதி கணக்குப் போடுகிறது. 60க்கு 80 அடிக் கூடத்தில் முதல் கணக்குப்படி 320 பேர். தீயணைப்பு அதிகாரி ஒப்புக்கொண்ட எண் எதுவோ அதுதான் செல்லும். வாசலில் ஒருவர் கையில் எண்ணும் கருவியோடு நிற்க வேண்டும். அலங்காரத் துணி எதுவும் அவசர வழியை மறைக்கக் கூடாது.

தளம் எத்தனை மணிக்கு விரிக்கப்படும், யார் விரிப்பார்கள், யார் எடுப்பார்கள், மேடை எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே என்பதெல்லாம் ஹோட்டலின் நிகழ்ச்சி உத்தரவுத் தாளில் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. உங்களிடம் பேசிய விற்பனை மேலாளர் அன்று இரவு வீட்டில் இருப்பார். ஒயர்களை ஒட்ட காஃபர் டேப் வாங்குங்கள். டக்ட் டேப் பசையை விட்டுவிட்டுப் போகும், அதற்கு அபராதம் கேட்பார்கள்.

நாற்காலியைக் குறைவாகப் போடுங்கள். நான்கு சுவரிலும் வரிசையாகப் போட்டால் கூடம் மருத்துவமனைக் காத்திருப்பு அறை மாதிரி ஆகிவிடும், உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். இரண்டு மூலைகளில் சிறு சிறு கூட்டமாகப் போட்டால் போதும். விளக்கு மங்கலாக இருக்கலாம், இருட்டாக இருக்கக் கூடாது. எதிரில் இருப்பவர் சிரிக்கிறாரா தயங்குகிறாரா என்று தெரிய வேண்டும். வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு வேண்டவே வேண்டாம், வலிப்பு வரக்கூடியவர்கள் கூட்டத்தில் இருக்கலாம்.

பாட்டு

எல்லோரும் இங்கேதான் சறுக்குவார்கள். பிடித்த அனிமே பாட்டுகளை எல்லாம் அடுக்கிவிட்டு “டான்ஸ் லிஸ்ட் ரெடி” என்பார்கள். கேட்க நன்றாக இருப்பதும் ஆட வசதியாக இருப்பதும் ஒன்றல்ல. ஜோடி நடனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் உண்டு, தாள வேகத்தை எண்ணிப் பாருங்கள். மெதுவான வால்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 84 முதல் 90 தட்டு, ஃபாக்ஸ்ட்ராட்டுக்கு 112 முதல் 120, சா சாவுக்கு 120 முதல் 128, ஈஸ்ட் கோஸ்ட் ஸ்விங்குக்கு 136 முதல் 144. வியன்னீஸ் வால்ட்ஸ் 180ஐத் தொடும். கேட்கச் சொர்க்கம், முதல் முறை ஆடுபவருக்குத் தலைசுற்றல். இரவு முழுக்க இரண்டு மூன்று போதும், அவையும் தெரிந்தவர்களுக்காக.

அனிமே ரசிகர்களிடம் வால்ட்ஸ் என்று சொன்னாலே ஜோ ஹிசாய்ஷி ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’ படத்துக்குப் போட்ட கருப்பொருள் இசையைத்தான் கேட்பார்கள். போடத்தான் வேண்டும், போடாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அது தாளக் கட்டு இல்லாத மெல்லிய பியானோவில் தொடங்கும். தளத்தில் கை கோத்து நிற்கும் ஜோடிகள் எப்போது காலை எடுத்து வைப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் “முன்னிசை இருக்கிறது, தாளம் வந்ததும் நான் எண்ணுகிறேன்” என்று மைக்கில் முன்பே சொல்லிவிடுங்கள். டிவியில் வரும் தொடக்கப் பாடல்கள் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். கூட்டத்தில் நுழைந்து, துணை தேடி, வணக்கம் சொல்வதற்குள் பாட்டு போய்விடும். இரண்டரை முதல் மூன்றரை நிமிடம் சரியான அளவு. அதற்கு மேல் போனால் பிடிக்காத துணையோடு மாட்டிக்கொண்டவர் பாவம்.

அப்படிப் பார்த்தால் மணிக்குப் பதினைந்து பாட்டு, மூன்று மணி நேரத்துக்கு நாற்பத்தைந்து. மூன்றில் ஒன்று வால்ட்ஸ், மூன்றில் ஒன்று ஸ்விங்கும் ஃபாக்ஸ்ட்ராட்டும், மீதியில் சா சாவும் கூட்டாக ஆடுபவையும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் திரையில் “அடுத்தது: வால்ட்ஸ்” என்று பெரிதாகப் போடுங்கள். இந்த ஒரு வரிக்குச் செலவே இல்லை. ஆனால் வகுப்பில் கற்றது எந்தப் பாட்டுக்குப் பொருந்தும் என்று புதியவருக்கு வேறு வழியில் தெரியாது.

எல்லாவற்றையும் மடிக்கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு பிரதி பென் டிரைவில். கன்வென்ஷன் வைஃபையை நம்பி இசை ஓட்டுவது தற்கொலை. தனிநபர் ஸ்ட்ரீமிங் கணக்கை இப்படிப் பொது நிகழ்ச்சியில் பயன்படுத்த அனுமதியும் கிடையாது. பொது இடத்தில் இசை ஒலிக்க அமெரிக்காவில் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளின் உரிமம் வேண்டும். அதை ஹோட்டல் எடுத்திருக்கிறதா, கன்வென்ஷன் எடுக்கிறதா என்று தலைவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஜப்பானியப் பாட்டுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிடாதீர்கள். ஜப்பானின் ஜாஸ்ராக் அமைப்புக்கு இவர்களோடு பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது.

வகுப்பு

அன்று பிற்பகலில் ஒரு மணி நேர வகுப்பு, நடனம் தொடங்குவதற்குச் சற்று முன் அதே தளத்தில் இருபது நிமிடச் சுருக்கம். இரண்டும் வேண்டும். முதலாவதைப் பலர் தவறவிடுவார்கள், கடைகள் இருக்கும் கூடத்தில் தொலைந்துபோயிருப்பார்கள்.

ஆசிரியரைத் தேடும்போது போட்டிகளில் பதக்கம் வாங்கியவரை விட, எண்பது பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டே நடத்தத் தெரிந்தவரைப் பிடியுங்கள். பல்கலைக்கழக பால்ரூம் சங்கங்களில் இப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள். தலையில் மாட்டும் ஒயர்லெஸ் மைக் கொடுங்கள். கைமைக் பிடித்துக்கொண்டு துணையைப் பிடிக்க முடியாது. மாற்று பேட்டரியும் கையோடு இருக்கட்டும்.

என்ன சொல்லிக்கொடுப்பது? வால்ட்ஸின் பாக்ஸ் ஸ்டெப், ஸ்விங்கின் அடிப்படை அடி. அவ்வளவுதான். பாக்ஸ் ஸ்டெப் என்பது ஆறு எண்ணிக்கை. லீட் செய்பவர், அதாவது ஆட்டத்தை நடத்திச் செல்பவர், இடது காலை முன்னே வைக்கிறார், வலது காலைப் பக்கவாட்டில் வைக்கிறார், இடதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அப்புறம் வலது பின்னே, இடது பக்கவாட்டில், வலது சேர்கிறது. அவரைப் பின்பற்றி ஃபாலோ செய்பவர் இதற்கு நேர் எதிராக வலது காலைப் பின்னே வைத்துத் தொடங்குகிறார். முதல் ஐந்து நிமிடம் துணையே இல்லாமல், இசையும் இல்லாமல், எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து நின்று வாயால் எண்ணிக்கொண்டு செய்யட்டும். பிறகு ஜோடி. பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை “துணை மாற்றுங்கள்”.

இந்த மாற்றத்தைப் பற்றி ஆசிரியரிடம் கறாராகச் சொல்லுங்கள். நண்பர்களாக வந்தவர்கள் ஒட்டிக்கொண்டே இருப்பார்கள், தனியாக வந்தவர் ஓரத்தில் நிற்பார். நான்கு முறை துணை மாறியபின் அந்தத் தனி ஆளுக்கு நான்கு முகம் தெரிந்திருக்கும். இரவில் ஆட அழைக்க அவருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். வகுப்பின் உண்மையான பயன் இதுதான், காலசைவு இரண்டாம் பட்சம். மாற விருப்பமில்லாதவர்கள் வட்டத்துக்கு நடுவே நின்று ஆடட்டும், வற்புறுத்த வேண்டாம்.

ஆண் லீட், பெண் ஃபாலோ என்ற பேச்சே வேண்டாம். இரண்டு பெண்கள் சேர்ந்து ஆடுவதும், இளவரசன் வேடத்தில் ஒரு பெண் லீட் செய்வதும் இந்தக் கூட்டத்தில் சர்வ சாதாரணம். கன்வென்ஷன்களில் பேட்ஜுக்குக் கீழே ரிப்பன் ஒட்டும் பழக்கம் இருக்கிறதல்லவா, அதைப் பயன்படுத்துங்கள். ‘லீட்’, ‘ஃபாலோ’, ‘இரண்டும்’ என்று மூன்று நிறம். நான்காவதாக ‘நான் புதுசு, கூப்பிடுங்கள்’. இந்த நான்காவது ரிப்பன்தான் சீக்கிரம் தீரும், அதிகமாக அடியுங்கள்.

உடை

உடைக் கட்டுப்பாட்டை நிகழ்ச்சி அன்று வாசலில் அறிவிப்பது அநியாயம். பதிவு தொடங்கும்போதே படங்களோடு போடுங்கள். ஜீன்ஸ், டீ சர்ட், ஷார்ட்ஸ் கிடையாது. கோட்டு, டை, நீளமான கவுன் சரி. ஃபார்மல் உடையில் வரும் கதாபாத்திரத்தின் காஸ்பிளேயும் சரி. பிற நாட்டு விசேஷ உடைகள் செல்லும் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்: கிமோனோ, கொரிய ஹான்போக், வியட்நாமிய ஆவ் யாய், ஸ்காட்லாந்து கில்ட், பட்டுப் புடவை, வேட்டி சட்டை. எழுதாவிட்டால் வாசலில் நிற்கும் பதினெட்டு வயதுத் தன்னார்வலருக்குத் தெரியாது, வேட்டியைப் பார்த்துவிட்டு மேலதிகாரியைத் தேடி ஓடுவார். புடவையில் ஆடப் போகிறவர்கள் கொசுவத்தை வழக்கத்தை விட ஒரு விரல் உயரமாக வைத்துப் பின் குத்திக்கொள்ளுங்கள். பின்னே அடி வைக்கும்போது மடிப்பு காலுக்குள் போகாது. வேட்டிக்கு ஒட்டிக்கோ வகைதான் நல்லது.

கவசம், இறக்கை, தோளில் முள் வைத்த ஃபோம் வேலைப்பாடு எல்லாம் புகைப்பட மூலை வரை வரலாம், தளத்துக்குள் வேண்டாம். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தோள் கவசம் சுற்றி ஆடும் ஆறு பேரைக் குத்தும். ஆயுதப் பொம்மைகளை வாசலில் டோக்கன் போட்டு வாங்கி வையுங்கள். உறையிலிருந்து உருவ முடியாதபடி கட்டியிருந்தாலும் இடுப்பில் வாளோடு வால்ட்ஸ் ஆட முடியாது.

உடை சரியில்லாதவரைத் திருப்பி அனுப்புவதை விட இரவல் கொடுப்பது நல்லது. தன்னார்வலர்கள் வீட்டில் சும்மா தொங்கும் கோட்டு, டை, சால்வைகளைச் சேர்த்து ஒரு கம்பியில் மாட்டிவிடுங்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு இரவல் கொடுங்கள். பக்கத்திலேயே ஊக்கு, ஊசி நூல், சூடான பசைத் துப்பாக்கி வைத்த மேசை ஒன்று.

அழைப்பதும் மறுப்பதும்

யார் வேண்டுமானாலும் யாரையும் ஆட அழைக்கலாம், யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் மறுக்கலாம். வேண்டாம் என்றவரை அன்றிரவு மறுபடி நச்சரிக்கக் கூடாது. வேடம் போட்டிருப்பது தொட அனுமதி அல்ல. நியூயார்க் காமிக் கான் 2014லேயே இதைப் பெரிய பலகைகளில் எழுதி வைத்தது. உங்கள் வாசலிலும் இருக்கட்டும், வகுப்பிலும் ஆசிரியர் வாயால் வரட்டும். புகார் வந்தால் யாரிடம் போவது என்று முகம் தெரிய வேண்டும், ஆகவே அவருக்கு மட்டும் தனி நிறப் பட்டை அணிவியுங்கள். அனிமே கன்வென்ஷனில் பதினெட்டு நிரம்பாதவர்கள் நிறைய. மது வேண்டாம், அதோடு பாதித் தொல்லை தீர்ந்தது.

பத்து பன்னிரண்டு நடனத் துணைவர்களைத் தயார் செய்யுங்கள். ஆடத் தெரிந்தவர்கள், தங்களுக்குள் ஆடிக்கொள்ளக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு வருபவர்கள். இரண்டு பாட்டாகச் சும்மா நிற்பவரிடம் போய் “ஆடலாமா?” என்று கேட்பது அவர்கள் வேலை.

அன்று மாலை

தொடக்கத்துக்கு கிராண்ட் மார்ச்சை மிஞ்சியது இல்லை. இதற்கு நடக்கத் தெரிந்தால் போதும். எல்லோரும் ஜோடியாகக் கூடத்தின் கீழ்க்கோடியில் வரிசை கட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 110, 120 தட்டு வரும் சீரான மார்ச் இசை. நடுவே நடந்து மேலே வருகிறார்கள். முதல் ஜோடி வலப்பக்கம் திரும்புகிறது, அடுத்தது இடப்பக்கம், இப்படி மாறி மாறி. இரு பக்கச் சுவரோரமாகக் கீழே போய்ச் சந்தித்து, இரண்டு ஜோடி சேர்ந்து நால்வராக மறுபடி நடுவே வருகிறார்கள். நால்வர் வலம், நால்வர் இடம். அடுத்த சுற்றில் எட்டு எட்டாக. முன்னால் போகும் இரண்டு ஜோடிகள் மட்டும் உங்கள் ஆட்களாக இருக்கட்டும், மற்றவர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள். முடியும்போது முழுக் கூட்டமும் எட்டு எட்டு வரிசையாகத் தளத்தின் மேல் நிற்கும்.

இப்போது அவர்களைக் கலைய விட்டால் போச்சு. இசை நின்ற அடுத்த நொடியே ஆசிரியர் மைக்கில் “அப்படியே ஒரு பெரிய வட்டம்” என்று சொல்லித் துணை மாறும் கூட்டு வால்ட்ஸைத் தொடங்க வேண்டும். அதன்பின் எளிய ஸ்விங். சுவரோரம் திரும்பிப் போக யாருக்கும் காரணம் கிடைக்காது.

பிறகு கலந்து போடுங்கள். தளத்தின் ஓரத்தில் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நகர்வார்கள், நின்ற இடத்திலேயே ஆடுபவர்கள் நடுவில் என்பதை ஒரு முறை நினைவுபடுத்துங்கள், மோதல் குறையும். மணிக்கு ஒரு முறை எல்லோரும் சேர்ந்து ஆடுவதாக ஒன்று வரட்டும். நடன மாலைகளுக்குப் பேர்போன வியன்னாவில்கூட, ஆபரா பால் என்ற நடன விழாவில் முதலில் பயிற்சி பெற்ற இளம் ஜோடிகள் ஆடி முடித்ததும் “அல்லெஸ் வால்ட்ஸர்!” (எல்லோரும் வால்ட்ஸ்!) என்று குரல் கொடுத்துத் தளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். நள்ளிரவில் குவாட்ரில் என்ற கூட்டு நடனத்தில் ஒருவர் மைக்கில் கட்டளை சொல்லச் சொல்ல, பாதிப் பேர் தப்பான பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே முட்டி மோதி முடிக்கிறார்கள். நமக்கு மட்டும் என்ன கௌரவம்?

தண்ணீர் இலவசமாக, தளத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். தினம் 5 மணி நேரத் தூக்கம், 2 வேளைச் சாப்பாடு, 1 குளியல் என்று கன்வென்ஷன்காரர்கள் 5-2-1 விதி ஒன்று சொல்வார்கள். அதைக் கடைப்பிடிக்காதவர்கள்தான் இடுப்பை இறுக்கும் கார்செட் உடையோடு உங்கள் கூடத்துக்கு வருவார்கள். மயங்கி விழுபவருக்கு ஒரு நாற்காலி, பழச்சாறு, முதலுதவிக் குழுவின் எண் மூன்றும் தயாராக இருக்கட்டும்.

கடைசிப் பாட்டு கடைசிப் பாட்டு என்று சொல்லியே போடுங்கள், அதற்கு முந்தையதையும் சொல்லுங்கள். இரவு முழுக்க யாரையோ கேட்கத் தயங்கியவர் அந்த அறிவிப்புக்குத்தான் காத்திருப்பார்.

விளக்கு எரிந்த பிறகு

இரவல் கோட்டுகள் திரும்பின, டோக்கன் கணக்கு சரி, டேப் எல்லாம் உரித்தாயிற்று என்பதோடு வேலை முடிந்துவிடவில்லை. மணிக்கு எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று வாசலில் எண்ணிய தாளை எடுத்து வையுங்கள். எந்தப் பாட்டுக்குத் தளம் நிறைந்தது, எதற்குக் காலியானது என்று பாட்டுப் பட்டியலின் ஓரத்திலேயே அன்றிரவே குறித்துக்கொள்ளுங்கள், காலையில் மறந்துவிடும். கடைசி நாள் நடக்கும் குறை நிறைக் கூட்டத்துக்கு இந்த இரண்டு தாளோடு போய், அடுத்த வருடத்துக்கு அதே கூடத்தையும் இன்னும் ஒரு மணி நேரத்தையும் அங்கேயே கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து மின்னஞ்சல் அனுப்பினால் அந்த நேரம் வேறு யாருக்காவது போயிருக்கும்.